இக்கரையா, அக்கரையா: வில்லெம்ஸ்டாட்டில் எங்கே தங்குவது?

கரீபியன் கடலில் உள்ள குராசாவ் தீவின் தலைநகரான வில்லெம்ஸ்டாட்டின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். தண்ணீரை ஒட்டித் தோளோடு தோள் உரசி நிற்கும் மஞ்சள், நீல, இளஞ்சிவப்பு, பச்சை வீடுகள். அவற்றின் உச்சியில் வெள்ளைச் சுருள் வேலைப்பாடு. அந்த வரிசைக்கு ஹாண்டல்ஸ்காடே என்று பெயர். படத்தைப் பார்த்து மயங்கியவர்கள் செய்யும் முதல் காரியம், அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை தேடுவது. முதல் முறை போனபோது நானும் அதைத்தான் செய்தேன். அறைக்குள் நுழைந்து ஜன்னலைத் திறந்த பிறகுதான் உறைத்தது: அந்த வரிசைக்குள் இருப்பவருக்கு அந்த வரிசை தெரியாது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்போம். இந்த ஊரில் அது கண்ணால் காணும் உண்மை.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து சின்ட் அன்னா என்ற குறுகலான கால்வாய் உள்ளே நுழைந்து, ஸ்கோட்டகாட் என்ற பெரிய இயற்கைத் துறைமுகத்தில் போய் முடிகிறது. கால்வாயின் கிழக்குக் கரை புந்தா. டச்சுக்காரர்கள் 1634-ல் தீவைப் பிடித்ததும் கோட்டை கட்டிக் குடியேறிய பழைய நகரம் அது. மேற்குக் கரை ஓட்ரோபாந்தா. உள்ளூர் மொழியான பாப்பியாமெந்துவில் ‘அந்தப் பக்கம்’ என்று பொருள். புந்தாவிலிருந்து கிழக்கே கடலோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் பீட்டர்மாய். இன்னும் தென்கிழக்கே போனால் மாம்போ, யான் தீல் என்ற கடற்கரைப் பகுதிகள். வெளியூரிலிருந்து வருபவர் அறை எடுக்கும் இடங்கள் பெரும்பாலும் இந்த நான்குதான்.

என் முடிவை முன்கூட்டியே சொல்கிறேன். முதல் முறை போகிறீர்கள், கார் எடுக்கப் போவதில்லை, மூன்று நான்கு இரவுதான் இருக்கப் போகிறீர்கள் என்றால் ஓட்ரோபாந்தாவில் தங்குங்கள். காரணத்தைச் சொல்ல முதலில் சூரியனைப் பற்றிப் பேச வேண்டும்.

ஹாண்டல்ஸ்காடே மேற்குப் பார்த்து நிற்கிறது. காலையில் வெயில் அந்த வீடுகளின் முதுகில் விழுகிறது. அந்த நேரத்தில் எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் கண் கூசும், நிறங்கள் மங்கலாகத்தான் தெரியும். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் வெயில் நேராக முகப்புகளில் விழும்போது ஒவ்வொரு நிறமும் தனித்தனியே எழுந்து வரும். மூலையில் நிற்கும் பென்ஹா கட்டடம் 1708-ல் கட்டப்பட்டது. அதன் மஞ்சள், பகலில் வெறும் மஞ்சள். மாலை ஐந்தரைக்குப் பழுத்த மாம்பழத்தின் நிறம். தண்ணீரில் அதன் நிழல் ஆடும். இதையெல்லாம் பார்க்க நீங்கள் ஓட்ரோபாந்தாவின் கரையில் இருக்க வேண்டும். அங்கே தங்கியிருந்தால் வெயில் சாயும் நேரத்தில் அறையிலிருந்து இறங்கி வந்தால் போதும். புந்தாவில் தங்கியவர் அதே நேரத்தில் பாலம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பாலத்தைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் இந்த ஊரில் எந்த முடிவும் எடுக்க முடியாது. இரு கரைகளையும் இணைக்கும் அரசி எம்மா பாலம் 1888-ல் வந்தது. நீளம் 167 மீட்டர். தூண்கள் இல்லை, வரிசையாக மிதக்கும் தோணிகளின் மேல் பலகை போட்டு அமைத்த மிதவைப் பாலம். ஒரு முனை கீல் போலக் கரையில் பொருந்தியிருக்கும். மறு முனையில் ஒரு சிறிய அறை, அதற்குள் என்ஜின். கப்பல் வரும்போது மணி அடிக்கும், வாசல் கதவு மூடும், பாலம் முழுவதும் ஒரு பெரிய கதவு போல மெல்ல விலகிக் கரையோரம் ஒதுங்கும். அதன் மேல் நிற்பவர்களை யாரும் விரட்டுவதில்லை. ஒரு முறை நான் நடுவில் அகப்பட்டேன். காலடியில் பலகைகள் லேசாக அதிர்ந்தன, டீசல் வாடை வந்தது, கரைக்கும் எனக்கும் இடையே பச்சைத் தண்ணீர் அகன்றுகொண்டே போனது. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் காகிதப் பையிலிருந்து பொரித்த பலகாரத்தை எடுத்துத் தின்றபடி, தினமும் நடக்கிற காரியம்தானே என்பதுபோல் கைப்பிடியில் சாய்ந்து நின்றார்கள். எங்களைக் கடந்து போன சரக்குக் கப்பலின் பக்கச் சுவர், நான்கு மாடிக் கட்டடம் ஒன்று நகர்ந்து போவதுபோல் இருந்தது. குராசாவில் எனக்கு மிகவும் பிடித்த கால் மணி நேரம் அதுதான்.

பாலத்தில் பறக்கும் கொடியைக் கவனியுங்கள். ஆரஞ்சுக் கொடி என்றால் விலகிய பாலம் சிறிது நேரத்தில் மீண்டும் கரையோடு சேர்ந்துவிடும், நின்று பார்க்கலாம். நீலக் கொடி என்றால் நேரம் ஆகும். கரையிலிருந்து புறப்படும் இலவசப் படகில் ஏறிவிடுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் உடன் வந்தால், படகுத் துறை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. விமானத்தைப் பிடிக்கப் போகும் நாளில் இந்தப் பாலத்தை நம்பி நிற்காதீர்கள். வண்டிகள் எல்லாம் 1974-ல் திறந்த அரசி யூலியானா பாலத்தின் வழியாக, கால்வாய்க்கு மேலே ஐம்பது மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் போகின்றன. ஹாட்டோ விமான நிலையத்துக்கு ஓட்ரோபாந்தாவிலிருந்து அந்தப் பாலத்தைக்கூட ஏற வேண்டாம்; அது இந்தக் கரைக்கு இன்னொரு சாதகம்.

அரசி எம்மா பாலத்தில் ஒரு காலத்தில் சுங்கம் வசூலித்தார்கள். செருப்புப் போட்டு நடப்பவர் இரண்டு சென்ட் கொடுக்க வேண்டும், வெறுங்காலோடு நடப்பவருக்கு இலவசம். ஏழைகளுக்கு உதவத்தான் அந்த விதி. ஆனால் ஏழைகள் மானத்துக்கு அஞ்சிச் செருப்பு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு காசு கொடுத்தார்களாம். வசதியானவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்களாம். ஊரில் இதை இன்றும் சொல்கிறார்கள். 1934 வரை அந்தச் சுங்கம் இருந்தது.

நிறங்களுக்கும் ஒரு கதை உண்டு. 1817-ல் ஆளுநராக இருந்த ஆல்பர்ட் கிக்கெர்ட், வீடுகளுக்கு வெள்ளையடிக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது, தலைவலி தருகிறது என்பது அவர் சொன்ன காரணம். அவருக்கே சாயக் கடையில் பங்கு இருந்தது பின்னால்தான் தெரியவந்தது என்றும் ஊர்க்காரர்கள் சேர்த்துச் சொல்வார்கள். எப்படியிருந்தாலும் அந்த உத்தரவின் பயனாக வந்த நகரத்தை 1997-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நண்பகலில் தொப்பி இல்லாமல் புந்தாவின் கல் பாவிய தெருவில் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். ஆளுநர் தலைவலி என்று சொன்னதை உடனே நம்பிவிடுவீர்கள்.

இப்போது புந்தாவுக்கு வருகிறேன். பகலில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. தெருக்கள் சமதளம், குறுகலான சதுரக் கட்டங்கள், எல்லாம் நடக்கும் தூரம். 1732-ல் கட்டிய மிக்வே இஸ்ராயேல் யூதத் தொழுகைக்கூடம் அங்கே இருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களில் இடைவிடாமல் வழிபாடு நடந்துவரும் தொழுகைக்கூடங்களில் மிகப் பழையது. உள்ளே தரையில் மணல் பரப்பியிருக்கிறார்கள். காலடி ஓசையே எழாது. பித்தளைச் சரவிளக்குகளின் கீழே அந்த மணலில் நடக்கும்போது பேச்சு தானாகத் தாழ்ந்துவிடுகிறது. ஓய்வு நாளான சனிக்கிழமையை விட்டுவிட்டு, வார நாளில் போங்கள். ஆம்ஸ்டர்டாம் கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தின் சுவரில் 1804-ல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது பாய்ந்த பீரங்கிக் குண்டு இன்னும் பதிந்தே இருக்கிறது. கடைத்தெருவில் துணியும் மின்சாதனமும் விற்கும் சிந்தி வணிகர்களைப் பார்ப்பீர்கள். தலைமுறைகளாக அந்த ஊரில் இருப்பவர்கள். சுத்த சைவம் சாப்பிடுபவர் எங்கே போகலாம் என்று நான் கேட்டபோது, கடையை விட்டு இறங்கித் தெருமுனை வரை வந்து வழிகாட்டினார் ஒருவர்.

ஆனால் மாலை ஆறு மணிக்குக் கடைகள் மூடியதும் புந்தா அடங்கிவிடும். வியாழக்கிழமை மட்டும் விதிவிலக்கு. அன்று மாலை இசையும் ஆட்டமும் தெருவுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை பயணிகள் கப்பல் வராவிட்டால் பல தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். இரவு பத்து மணிக்கு வெளியே வந்து ஒரு தேநீருக்கு அலைந்த அனுபவம் எனக்கு உண்டு. அதனால்தான் புந்தாவைப் பார்க்க வேண்டிய இடமாக வைத்துக்கொள்ளுங்கள், தங்குமிடமாக வேண்டாம் என்கிறேன். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அறிவுரையைத் திருப்பிப் போட வேண்டும்: ஓட்ரோபாந்தா மேடும் பள்ளமும், படிக்கட்டுச் சந்துகளும் கொண்டது. சக்கர நாற்காலியோ கைத்தடியோ உடன் வருமானால் புந்தாவின் சமதளம்தான் உங்களுக்கு.

முகவரியில் ஒரு பொறி இருக்கிறது. பிரேடெஸ்ட்ராட், அதாவது அகலத் தெரு, என்ற பெயரில் இரு கரையிலும் தெரு உண்டு. முகவரியின் கடைசியில் புந்தாவுக்குரிய எழுத்து இருக்கிறதா, ஓட்ரோபாந்தாவுக்குரிய எழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு தவறான கரையில் போய் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஓட்ரோபாந்தாவின் குறைகளையும் மறைக்கவில்லை. ரிஃப் கோட்டைக்குப் பக்கத்தில் பெரிய பயணிகள் கப்பல்கள் வந்து கட்டும். கப்பல் நிற்கும் நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கி, கோட்டை வழியாகப் பிரியோன் சதுக்கத்தைக் கடந்து பாலத்தை நோக்கிப் போவார்கள். அந்த ஊர்வலத்துக்கு நடுவே நீங்கள் நிம்மதியாகக் காலைச் சிற்றுண்டி சாப்பிட முடியாது. கப்பல்கள் வரும் நாட்களின் அட்டவணை இணையத்தில் கிடைக்கும். அதைப் பார்த்துவிட்டு, கூட்ட நாளைக் கடற்கரைக்கு ஒதுக்கி வையுங்கள். உள் சந்துகள் சிலவற்றில் பாழடைந்த வீடுகள் இருக்கின்றன, விளக்கும் குறைவு. பகலில் அந்தச் சந்துகள்தான் அழகு: புதுப்பித்த ஆரஞ்சு வீட்டுக்கு அடுத்து கூரை இடிந்த வீடு, அதன் சுவரில் ஆள் உயர ஓவியம், ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தூங்கும் பூனை. இருட்டியபின் பெரிய தெருவோடு நின்றுகொள்ளுங்கள். அறை பதிவு செய்யும்போது கால்வாயிலிருந்து எத்தனை நிமிட நடை என்று கேட்டு, ஐந்து நிமிடத்துக்கு உட்பட்டதை எடுங்கள்.

வாடகை பொதுவாகப் பீட்டர்மாயைவிடக் குறைவு. இன்னொன்றும் உண்டு, கார் இல்லாதவருக்கு இதுவே முக்கியம். மேற்கே போகும் பேருந்துகள் ஓட்ரோபாந்தா நிலையத்திலிருந்தும், கிழக்கே போகும் பேருந்துகள் புந்தா நிலையத்திலிருந்தும் புறப்படுகின்றன. தீவின் சிறந்த கடற்கரைகள் மேற்கே. பெரிய பேருந்துகள் நேர இடைவெளி விட்டுத்தான் வரும். கடைசி வண்டி எப்போது என்பதைக் காலையில் ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டு வையுங்கள். எண்பலகையில் ‘பஸ்’ என்று எழுதிய சிறிய வேன்களும் பங்கு வண்டியாக ஓடுகின்றன. கை காட்டினால் நிற்கும். டாக்சியில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசி முடித்துவிடுங்கள்.

பீட்டர்மாய் ஒரு காலத்தில் இடிபாடுகளாகக் கிடந்த தெரு. இப்போது புதுப்பித்த மாளிகைகளில் சிறு தங்கும் விடுதிகளும் உணவகங்களும் நிறைந்திருக்கின்றன. மாலை நேரத்துக்கு இந்த ஊரில் இதற்கு இணை இல்லை. அலை பாறையில் மோதித் தெறிக்கும் இடத்தில் மேசை போட்டு மீன் வறுத்துத் தருவார்கள். பக்கத்துக் கடையில் நேரடி இசை. தம்பதிகளுக்கும் இளைஞர்களுக்கும் தயங்காமல் இதைச் சொல்வேன். சத்தம் நள்ளிரவு வரை போகும் என்பதைத் தெரிந்துகொண்டு, தெருப்பக்கம் இல்லாத அறையாகக் கேளுங்கள். ‘கடலோரம்’ என்று விளம்பரத்தில் இருப்பதை மணல் கரை என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் கரும்பாறைதான், ஏணியைப் பிடித்து இறங்க வேண்டும். பக்கத்தில் உள்ள ஸ்கார்லோவில் பழைய யூத வணிகர்களின் மாளிகைகள் இருக்கின்றன. கல்யாணக் கேக் போலப் பச்சையும் வெள்ளையுமாக நிற்கும் வீட்டைத் தவறவிடாதீர்கள்.

யான் தீல், மாம்போ இரண்டும் சிறு குழந்தைகளோடு வருபவர்களுக்கு. அலைத்தடுப்பு உள்ள அமைதியான தண்ணீர், குளியலறை, நாற்காலி எல்லாம் கிடைக்கும். பணமும் ஒவ்வொன்றுக்கும் போகும். அங்கே தங்கினால் நகரத்தை மாலையில் நடந்து அனுபவிக்கும் வாய்ப்பு போய்விடும். வில்லெம்ஸ்டாட்டைப் பார்க்கவென்று இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதற்கு வெளியே தங்குவதை என் மனம் ஒப்பவில்லை.

கார் எடுப்பதானால் ஒன்று அல்லது இரண்டு நாள் போதும். அந்த நாளை மேற்குக்கு வையுங்கள். கெனெப்பா கிராந்தி கடற்கரைக்குக் கட்டணம் இல்லை. மேட்டிலிருந்து முதலில் பார்க்கும்போது தண்ணீரின் நீலம் நம்ப முடியாததாக இருக்கும். ஆனால் அந்த இடத்தை நீலத்துக்காக மட்டும் நினைத்துவிட்டு வராதீர்கள். 1795 ஆகஸ்ட் 17 அன்று துலா என்ற அடிமை மனிதர், தோழர்களோடு வேலைக்குப் போக மறுத்து எழுந்தது அந்தக் கெனெப்பா தோட்டத்தில்தான். அக்டோபர் 3-ல் அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிய 1863 ஆகிவிட்டது. தோட்ட மாளிகை இன்னும் நிற்கிறது. குளிக்கப் போகுமுன் அரை மணி நேரம் அங்கே செலவிடுங்கள். நாம் ரசிக்கும் ஹாண்டல்ஸ்காடேயின் செல்வத்தில் அந்த மனிதர்களை விற்ற பணமும் கலந்திருக்கிறது.

கடற்கரைகளில் மான்சலின்யா என்ற மரம் உண்டு, சிறிய பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும். காய் விஷம், பால் பட்டால் தோல் வெந்துவிடும், மழை பெய்யும்போது அதன் கீழே ஒதுங்கினால் சொட்டும் நீரே புண்ணாக்கும். குழந்தைகளுக்கு முதலில் இதைக் காட்டிக் கொடுங்கள். காரில் எந்தப் பொருளையும் விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்காதீர்கள். மழை பெய்தால் சாலை சோப்புப் போட்டது போல் வழுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவனமாக ஓட்டுங்கள். பெரும்பாலான புயல்கள் இந்தத் தீவுக்கு வடக்கே கடந்துவிடுவதால், மற்றத் தீவுகள் அஞ்சும் ஆகஸ்ட், செப்டம்பரிலும் இங்கே வரலாம்.

சாப்பாட்டுக்கு எந்தக் கரையில் தங்கினாலும் மதியம் ஒரு நாள் புந்தாவின் பிளாசா பியூவுக்குப் போங்கள். பெரிய கொட்டகைக்குள் வரிசையாக அடுப்புகள், நீள மேசைகள். ஆட்டுக்கறிக் குழம்பும் வறுத்த மீனும் ஃபுஞ்சியோடு வரும். ஃபுஞ்சி சோளமாவுக் களி. நம் கேழ்வரகுக் களி உருட்டத் தெரிந்த கைக்கு அதைப் பார்த்ததும் பக்குவம் புரிந்துவிடும். தட்டைப்பயறு சேர்த்துக் கிண்டியதற்குத் துத்து என்று பெயர். சைவர்கள் துத்துவும் வறுத்த நேந்திரம்பழமும் கேட்கலாம்; துத்துவில் இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள். அங்கே மதியம்தான் வியாபாரம்; மாலையில் போனால் கழுவிய பாத்திரங்களைத்தான் பார்ப்பீர்கள். காலையில் பாஸ்தேச்சி என்ற பொரித்த பலகாரம் எங்கும் கிடைக்கும். ‘கெஷி’ என்று கேட்டால் பாலாடைக்கட்டி வைத்தது தருவார்கள். தென் அமெரிக்க நாடான சூரினாமிலிருந்து வந்தவர்களின் கடைகளில் ரொட்டியும் உருளைக்கிழங்குக் குழம்பும் கிடைக்கும். ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து சூரினாமுக்குப் போனவர்களோடு கடல் கடந்த சுவை அது. குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது, தயங்காமல் குடிக்கலாம்.

2025 மார்ச் 31 முதல் புதிய கரீபியன் கில்டர் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு டாலருக்கு 1.79 கில்டர். பழைய அண்டிலியன் நோட்டை யாராவது சில்லறையாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். டாலர் எங்கும் செல்லும், மீதி கில்டரில் வரும். மின்சாரம் அமெரிக்காவைப் போல 110 முதல் 130 வோல்ட் வரை. கைபேசி சார்ஜர் வேலை செய்யும், ஊரிலிருந்து கொண்டுபோகும் மின்கெண்டி சரியாகச் சூடேறாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு நெதர்லாந்தின் கரீபியன் விசா, ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவிலிருந்து தனியானது. வேறு சில நாடுகளின் பலமுறை நுழைவு விசா இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்பதைத் தூதரகப் பக்கத்தில் பாருங்கள். புறப்படுமுன் இணையத்தில் நிரப்ப வேண்டிய குடிவரவு அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள்.

ஐந்து இரவுகள் கிடைத்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: முதல் மூன்று இரவு ஓட்ரோபாந்தாவில், கால்வாய் தெரியும் மாடி அறை, நான்காம் நாள் கார் எடுத்து மேற்கே போய், அங்கேயே ஓர் இரவு, கடைசி இரவு பீட்டர்மாயில், இரவுச் சாப்பாட்டையும் இசையையும் அனுபவிக்க. மூன்றே இரவுதான் என்றால் இடம் மாறாதீர்கள். ஓட்ரோபாந்தா அறையில் திரையை இழுத்து விடாமல் படுங்கள். இரவில் கப்பலின் சங்கொலி கேட்டு விழித்தால் எழுந்து ஜன்னலுக்கு வாருங்கள்: வண்ண விளக்கு வளைவுகளோடு பாலம் அப்படியே தண்ணீரில் விலகிக்கொண்டிருக்கும், அதற்குப் பின்னால் ஹாண்டல்ஸ்காடே விளக்கொளியில் நிற்கும்.